விரல்வரியும் இருதய நோயும்

சென்ற பருவத்தில் ஒரு நாள் உயிரியல் ஆய்வுக்கூடத்தில் மாணாக்கர் தத்தம் விரல்நுனிகளை அச்சு மையில் தோய்த்து வெள்ளைத்தாளிற் பதித்துக்கொண்டிருந்தனர். தோலின் அமைப்பைப்பற்றிய பாடத்தின் ஒரு பகுதியாக ஆண்டுதோறும் நடைபெறுவது இது. நகைப்பும் ஆரவாரமும் மிக்க வகுப்பு. கைக்குட்டைகள் பல அன்று பாழாகும். ஏனையோர் தாள்களை ஒப்புவித்துவிட்டுக் கைகழுவச் சென்றபின்னர், ஒரு மாணாக்கர்மட்டும் தம் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவருடைய பத்து விரல்களுள் ஏழிற் சக்கரம் இருந்தது. "ஐயா, சக்கரம் மிகுந்தவர்களுக்கு மாரடைப்பு வரும் என்று ஒரு பத்திரிகையிற் படித்தேன், மெய்தானா?" என்று வினவினார். "அதெல்லாம் ஒன்றுமில்லை, தம்பி" என்று கூறி அவரை அனுப்பிவிட்டோம். அவருடைய தந்தையார் 48-ஆம் வயதில் மாரடைப்பால் இறந்தவர் என்பதைப் பின்னரே அறிந்தோம். அறிந்தபொழுது, யாம் அளித்த விடை எம் நெஞ்சை உறுத்திற்று. இப்பொருள்பற்றி நடந்த ஆராய்ச்சிகளைத் தேடிப் படித்தோம். "மெய்" என்பதும் பிழை, "ஒன்றுமில்லை" என்பதும் பிழை என்பது அதன்பின்னரே எமக்கு விளங்கிற்று. அன்று கூறாதுவிட்ட விடையை இப்பொழுது எழுதுகின்றோம்.

முதற்கண் ஒரு மயக்கத்தை நீக்கல் வேண்டும். கைபார்ப்போர் 'இருதய ரேகை' என்றும் 'ஆயுள் ரேகை' என்றும் கூறுவன உள்ளங்கையில் உள்ள மடிப்புக்கள். கை குவிந்து மூடுதற்கு வசதியாகத் தோல் மடியும் இடங்கள். அவற்றின் பெயரில் இருதயம் இருப்பதனால் அவற்றிற்கும் நம் மார்பினுள்ளே துடிக்கும் உறுப்பிற்கும் உறவு ஏற்பட்டுவிடாது. யாம் ஈண்டுக் கூறப்புகுவது விரல்நுனியில் உழுத வயலைப் போலத் தோன்றும் நுண்ணிய வரிகளைப்பற்றி. சாளரத்தருகே சென்று பெருவிரலைச் சிறிது சாய்த்து நோக்கின், மேடும் சாலுமாக அவை ஓடுவதைக் காணலாம். நல்லதோர் உருப்பெருக்கிக் கண்ணாடி கிடைக்குமாயின், ஒவ்வொரு மேட்டின் முகட்டிலும் வியர்வைத் துளைகள் வரிசையாக அமைந்திருத்தலும் புலப்படும்.

இவ்வரிகள் ஓடும் முறை மூவகைத்து. ஒரு பக்கத்தில் தொடங்கி நடுவிற் சற்றே உயர்ந்து மறுபக்கம் இறங்கிவிடுவது வில். ஒரு பக்கத்திற் புகுந்து வளைந்து, புகுந்த பக்கமே மீள்வது கண்ணி. நம் வீட்டுப் பாட்டிமார் பெரும்பாலும் சங்கு என்பது இதனையே. நடுவிற் சுழன்று வட்டமாக அமைவது சக்கரம். வரிகள் மூன்று திசைகளினின்றும் வந்து கூடும் இடத்தை முச்சந்தி என்று கூறுவோம். எளிய வில்லில் முச்சந்தி இராது, சங்கில் ஒன்றும் சக்கரத்தில் இரண்டும் இருக்கும். சங்கின் நடுவிலிருந்து முச்சந்திவரையில் எத்தனை வரிகள் குறுக்கிடுகின்றன என்று எண்ணுவது வரிக்கணக்கு எனப்படும். இச்சொற்கள் மேலே வேண்டப்படும். பொதுவாக நோக்குமிடத்து, நூறு விரல்களில் 60 முதல் 65 வரை சங்கும், 30 முதல் 35 வரை சக்கரமும், ஏறத்தாழ 5 வில்லும் காணப்படும். ஆயினும் இவ்விகிதம் எல்லா மக்களிடத்தும் ஒன்றன்று. கீழை ஆசிய மக்களிடத்துச் சக்கரம் ஐரோப்பியரிடத்தினும் மிகுதி. இவ்வேறுபாடு சிறிதெனத் தோன்றினும், பின்னே ஒரு பெரும் பிழைக்கு இடமாவதைக் காண்போம்.

விரல்வரிகளைக் கருத்தூன்றி நோக்கியவர் பலர். இங்கிலாந்தில் நெகேமியா குரூ என்பார் 1684-ஆம் ஆண்டிலேயே அவற்றை வரைந்து விளக்கினார். வங்காளத்தில் ஆட்சியாளராயிருந்த வில்லியம் ஹெர்ஷல் 1858-ஆம் ஆண்டில் ஓர் ஒப்பந்தத்தாளிற் கையெழுத்துக்குப் பதிலாகக் கைப்பதிவு வாங்கியது பலரும் அறிந்த கதை. எமக்கு வியப்பைத் தருவோர் வேறிருவர்.

அவருள் ஒருவர் செக்கு நாட்டினராகிய புர்க்கின்யே. இவர் பிரெஸ்லாவு நகரத்துப் பல்கலைக்கழகத்தில் உடலியற் பேராசிரியராயிருந்தவர். 1823-ஆம் ஆண்டில் விரல்நுனி வரிகளை ஒன்பது வகையாகப் பிரித்து முதன்முதல் வகைப்படுத்தியவர் இவரே. பதினாறு ஆண்டு கழித்து, 1839-இல், ஆட்டின் இருதயத்தை அறுத்து நோக்கியபொழுது அதன் உட்சுவரிற் கூழ்போன்ற சாம்பல்நிற இழைகள் படர்ந்திருத்தலைக் கண்டறிந்தவரும் இவரே. இருதயத்தின் கீழறைகளுக்குத் துடிப்பின் ஆணையைக் கொண்டுசெல்லும் அவ்விழைகள் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. அவற்றின் தொழில் இன்னதென்பதை 1906-ஆம் ஆண்டில் ஜப்பானியராகிய தவாரா விளக்கினார். விரலையும் இருதயத்தையும் ஒரே கண்கொண்டு நோக்கிய அப்பேராசிரியர், ஒன்றனைக்கொண்டு மற்றொன்றை அறியலாம் என்று எண்ணியவரல்லர்.

மற்றவர் ஹென்றி ஃபால்ட்ஸ். இவர் ஸ்காத்லாந்துத் திருச்சபையொன்றினால் 1874-ஆம் ஆண்டில் ஜப்பானுக்கு அனுப்பப்பட்ட மருத்துவ மிஷனரி. தோக்கியோ நகரில் ஒரு மருத்துவமனை நடத்தியவர். நம்மனைய கல்லூரியினர் இவரை மறத்தலாகாது. பண்டைக்காலத்து மட்பாண்ட ஓடுகளிற் குயவரின் விரற்பதிவு இருத்தலைக் கண்டு அவருக்கு இவ்வார்வம் பிறந்தது. தம் மாணாக்கரும் தாமுமாக விரல்வரிகளைக் கத்தியால் மழித்துவிட்டுக் காத்திருந்தார். வரிகள் முன்னிருந்தவாறே மீண்டும் முளைத்தன. 1880-ஆம் ஆண்டு அக்தோபர் 28-ஆம் நாள் வெளிவந்த 'நேச்சர்' இதழில், குற்றவாளிகளைக் கண்டறிய இப்பதிவு உதவும் என்று எழுதினார். டார்வினுக்கும் ஒரு கடிதம் எழுதினார். முதுமையால் தளர்ந்திருந்த டார்வின் அதனைத் தம் உறவினராகிய கால்ட்டனிடம் அனுப்பிவைத்தார்.

கால்ட்டனை ஈண்டு நினைவுகூர்தற்கு வேறொரு காரணம் உண்டு. 1892-ஆம் ஆண்டில் விரற்பதிவைப்பற்றி ஒரு பெருநூல் வெளியிட்ட அவர், விரல்வரியினின்றும் ஒருவருடைய இனத்தையும் அறிவாற்றலையும் குணத்தையும் அறியலாம் என்று பெரிதும் நம்பியே ஆராய்ச்சியிற் புகுந்தார். கற்றோர், உழைப்பாளர், பல நாட்டார் எனப் பலருடைய பதிவுகளைத் தொகுத்து எண்ணினார். நம்பிய உறவு எதுவும் கிடைக்கவில்லை. தம் நம்பிக்கை பொய்த்ததை மறையாமல் அந்நூலிலேயே எழுதினார். கால்ட்டனுடைய வேறு சில கொள்கைகள் உலகிற்குப் பெருந்தீங்கு விளைத்தன என்பதை யாம் மறுக்கவில்லை. ஆனால் இவ்வொரு பக்கத்திற்காக அவரைப் பாராட்டவேண்டும். இன்று நம் ஊர்களிற் குழந்தையின் பத்து விரல்களையும் பதிந்துகொண்டு, "உங்கள் மகன் பொறியியலுக்கு உரியவன்" என்று அச்சிட்ட தாளொன்றைத் தந்து ஆயிரக்கணக்கில் ரூபாய் வாங்குவோர், கால்ட்டன் 1892-இலேயே தேடிக் காணாததைத் தாம் எங்ஙனம் கண்டனர் என்று கூறுவதில்லை.

நிற்க. விரல்வரிக்கும் இருதயத்திற்கும் உறவு ஏதேனும் இருத்தல் கூடுமெனின், அவ்வுறவு பிறக்கும் இடம் தாயின் கருப்பை ஒன்றே. ஆதலின் இரண்டும் உருவாகும் காலத்தை அறிதல் இன்றியமையாதது.

கருவுற்ற ஏறத்தாழ 22-ஆம் நாளில் இருதயம் துடிக்கத் தொடங்குகின்றது. அப்பொழுது அது வளைந்ததொரு குழாய்போன்றது. எட்டாம் வாரத்தின் முடிவுக்குள் நான்கு அறைகளும் அவற்றின் இடைச்சுவர்களும் அமைந்துவிடுகின்றன. அறைச்சுவரில் துளை முதலிய பிறவிக் குறைகள் நேருமாயின் இக்காலத்திலேயே நேரும். விரலோ, ஆறு ஏழு வாரமளவில் நுனியில் ஒரு சிறு மெத்தைபோலப் புடைக்கின்றது. பத்தாம் வாரத்திற்கு மேல் அம்மெத்தை வற்றத் தொடங்குகின்றது. அப்பொழுதே வரிகள் தோலின் அடியில் எழுகின்றன. மெத்தை உயர்ந்து உருண்டிருக்கும்பொழுது வரி எழுமாயின் சக்கரம், ஒருபுறம் சாய்ந்திருப்பின் சங்கு, தாழ்ந்துவிட்டிருப்பின் வில். ஏறத்தாழ 17-ஆம் வாரத்தில் வகை நிலைபெற்றுவிடும். அதன்பின் வாழ்நாள் முழுவதும் அளவு பெருகுமேயன்றி வடிவு மாறாது.

வரிகள் இவ்வாறு ஒழுங்காக எழுவது எங்ஙனம் என்பது நெடுங்காலம் விளங்காதிருந்தது. ஒன்றையொன்று தூண்டியும் தடுத்தும் பரவும் இரசாயனப் பொருள்கள் தாமாகவே கோடுகளையும் புள்ளிகளையும் தோற்றுவிக்கக் கூடும் என்று கணித அறிஞராகிய ஆலன் டூரிங் 1952-இல் எழுதினார். விரல்வரியும் அத்தகையதே என்பதை எடின்பரோவைச் சார்ந்த ஆராய்ச்சியாளர் 2023-இல் மெய்ப்பித்துக் காட்டினர். மெத்தையின் நடு, நகத்தின் அடி, விரற்கணுவின் மடிப்பு ஆகிய மூன்று இடங்களினின்றும் வரிகள் அலையலையாகப் புறப்பட்டு வந்து சந்திக்கின்றன. அவை சந்திக்கும் முறைக்கேற்ப வகை அமைகின்றது. இதற்கு முந்திய ஆண்டில், 23,000-க்கு மேற்பட்டோருடைய மரபணுக்களை ஆராய்ந்த மற்றொரு குழுவினர், விரல்வரியின் வகையோடு தொடர்புடைய 43 மரபணுப் பகுதிகளைக் கண்டனர். அவற்றுட் பல, கைகால் உருவாவதை நடத்தும் மரபணுக்களைச் சார்ந்தவை. அஃதாவது விரல்வரி தோலின் செய்தி மட்டுமன்று; கை வளர்ந்த வரலாற்றின் செய்தி.

இதிலிருந்து பெறப்படுவது யாது? விரல்வரி இருதய நோய்க்குக் காரணமாதல் ஒருபோதும் இயலாது. ஆயின் சாட்சியாதல் இயலும். ஒரு தெருவில் இரண்டு வீடுகள், இரவெல்லாம் பெருமழை. காலையில் ஒரு வீட்டின் வெளிச்சுவரில் ஈரக்கறை காண்கின்றோம். அக்கறை அடுத்த வீட்டின் கூரையைக் கெடுக்கவில்லை. ஆனால் அடுத்த வீட்டிலும் ஒழுகியிருக்கலாமே என்று எண்ணத் தூண்டுகின்றது. மழை எவ்வளவு பெரிதோ அவ்வளவு அச்சாட்சி வலியது. கருவில் வளரும் சிசுவுக்கு நேர்ந்த மழை பெரிதாயிருந்த இடங்களில் விரலின் சாட்சியம் தெளிவாகவே இருக்கின்றது. அவற்றை முதலிற் கூறுவோம்.

நியூ ஆர்லியன்ஸ் நகரத்துப் பேராசிரியராகிய ஹரால்டு கம்மின்ஸ் என்பவரே தோல்வரி ஆராய்ச்சிக்கு 1926-இல் தனிப்பெயரிட்டு அதனை ஒரு துறையாக்கியவர். டவுன் நோய்க்குறி எனப்படும் பிறவிக் குறையுடைய குழந்தைகளின் கைகளை அவர் 1930-களில் ஆராய்ந்தார். பத்து விரல்களிலும் சிறுவிரற்பக்கம் திறந்த சங்குகளே மிகுதியாயிருத்தல், உள்ளங்கையில் இரண்டு மடிப்புக்களுக்குப் பதிலாக ஒரே மடிப்பு ஓடுதல், மணிக்கட்டுக்கு அருகில் இருக்கவேண்டிய முச்சந்தி உள்ளங்கையின் நடுவை நோக்கி ஏறியிருத்தல் ஆகியவற்றைக் கண்டார். இந்நோய்க்குக் காரணம் 21-ஆம் குரோமோசோம் ஒன்று மிகுதியாயிருத்தல் என்பது 1959-இல் அறியப்பட்டது. அக்காலத்திற்கு முன்னே கையைப் பார்த்தே மருத்துவர் பலர் ஐயத்தைத் தெளிந்தனர். இக்குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர்க்கு இருதயத்திற் பிறவிக் குறை உண்டு. ஈண்டுக் கையும் இருதயமும் ஒரே மழையில் நனைந்தவை.

1960-இல் மேரி ஹோல்ட், சாமுவேல் ஓராம் என்ற இரு மருத்துவர் விளக்கிய மற்றொரு நோய் இதனினும் வெளிப்படையானது. அந்நோயுடைய குடும்பங்களிற் பெருவிரல் கோணியோ, மூன்று கணுக்கொண்டோ, இல்லாமலோ இருக்கும். கூடவே இருதயத்தின் இடைச்சுவரில் துளை இருக்கும். கையையும் இருதயத்தையும் ஒருங்கே உருவாக்கும் ஒரே மரபணுவின் பழுது இஃது என்று இன்று அறிவோம். 1961-இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில், பிறவி இருதயக் குறையுடையோரிடத்து உள்ளங்கை முச்சந்தி இடம்பெயர்ந்து மேலேறியிருத்தல், பிற்காலத்தில் இருதய நோயுற்றோரிடத்தினும் மிகுதி என்று ஹேல் முதலியோர் எழுதினர். பிறவியில் வந்த நோய்க்கும் பின்னர் வந்த நோய்க்கும் இருந்த அவ்வேறுபாட்டை வாசகர் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

என்னை? நம் மாணாக்கர் வினவியது பிறவிக் குறையைப்பற்றியதன்று. அவர் தந்தையாரைக் கொண்டது, இருதயத் தசைக்கே இரத்தம் கொடுக்கும் நாளங்களிற் பல ஆண்டுகளாகக் கொழுப்புப் படிந்து, ஒரு நாள் அடைத்துக்கொள்ளும் நோய். பத்தாம் வாரத்து விரலுக்கும் ஐம்பதாம் வயதில் அடைபடும் நாளத்திற்கும் என்ன உறவு இருத்தல் கூடும்? நேரே நோக்குவார்க்கு ஒன்றுமில்லை என்றே தோன்றும். எமக்கும் அவ்வாறே தோன்றிற்று.

இவ்விடத்தில் டேவிட் பார்க்கர் என்ற ஆங்கில மருத்துவர் ஒரு புதிய வழியைத் திறந்தார். இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோர்டுஷயர் மாவட்டத்தில், 1911-ஆம் ஆண்டுமுதல் மருத்துவச்சிகள் ஒவ்வொரு குழந்தையின் பிறப்பு எடையையும் பேரேட்டில் எழுதிவைத்திருந்தனர். அப்பேரேடுகளைக் கொண்டு 5,654 ஆண்களின் பிற்கால வாழ்க்கையைத் தேடிய பார்க்கரும் துணைவரும், சிறு எடையுடன் பிறந்தோர் இருதய நோயால் இறந்தது மிகுதி என்று 1989-இல் அறிவித்தனர். கருவில் ஊட்டம் குறையின் சிசு மூளையைக் காத்துக்கொண்டு, சிறுநீரகம் முதலிய உறுப்புக்களை ஒறுக்கின்றது; சிறுநீரகத்தின் வடிகட்டிகள் பிறப்பதற்குமுன் அமைந்தவை அமைந்தவையே; அவை குறைந்தோர்க்குப் பிற்காலத்தில் இரத்த அழுத்தம் உயர்தல் கூடும். இதுவே அவர்கள் வழிவந்தோர் கூறும் விளக்கங்களுள் ஒன்று.

நம் நாட்டிலும் இதனை ஆராய்தற்கு ஒரு பேரேடு இருந்தது. மைசூரில் மிஷன் மருத்துவமனையொன்று 1934-ஆம் ஆண்டுமுதல் பிறந்த குழந்தைகளின் எடையையும் நீளத்தையும் தலையின் சுற்றளவையும் வழுவாமல் எழுதிவைத்திருந்தது. எதற்குப் பயன்படும் என்று அறியாமலே நாள்தோறும் அவ்வேட்டை நிரப்பிய தாதியரை எண்ணுந்தோறும் எமக்கு மதிப்பு மிகுகின்றது. 1934 முதல் 1954 வரை ஆங்குப் பிறந்தோரில் 517 பேரைத் தேடிப்பிடித்துச் சோதித்தனர். 1996-இல் முடிவு வெளிவந்தது. இரண்டரைக் கிலோவும் அதற்குக் குறைவுமாகப் பிறந்தோரில் நூற்றுக்கு 11 பேர்க்கு இருதய நாள நோய் இருந்தது. மூன்று கிலோவுக்கு மேற்பட்டுப் பிறந்தோரில் நூற்றுக்கு 3 பேர்க்கே இருந்தது. தாயின் ஊட்டத்தைப்பற்றிய இச்செய்தி, விரல்வரியைப்பற்றி யாம் கூறப்போகும் எதனினும் பெரிது.

இனி விரலுக்கு வருவோம். பிறப்பு எடை எழுதப்படாதவர்க்குக் கருவின் வரலாற்றை எங்ஙனம் அறிவது? அழியாத சான்று விரலில் இருக்கின்றதே என்று பார்க்கரின் குழுவினர்க்குத் தோன்றிற்று. பிரெஸ்டன் நகரத்து மருத்துவமனையொன்றில் 1935-க்கும் 1943-க்கும் இடையிற் பிறந்த 139 பேருடைய விரலையும் உள்ளங்கையையும் இரத்த அழுத்தத்தையும் ஆராய்ந்து, 1993-இல் வெளியிட்டனர். சக்கரம் உடையோர்க்கு, இல்லாதோரினும் இரத்த அழுத்தம் மிகுதி. சக்கரம் பெருகப் பெருக அழுத்தமும் பெருகிற்று. ஒடுங்கிய உள்ளங்கையுடையோர்க்கும் அவ்வாறே. பத்திரிகைகளில் அடிக்கடி எடுத்தெழுதப்படுவது இவ்வாராய்ச்சியே. இதற்கு முன்னே 1978-இல், ஹவாய்த் தீவில் வாழும் ஜப்பானிய வழியினரிடத்து நடந்த ஆராய்ச்சியொன்றும் மாரடைப்புற்றோரிடத்துச் சக்கரம் மிகுதி என்று கூறியது. இரண்டாம் உலகப்போரின் இறுதியில், 1944–45-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், ஒல்லாந்து நாட்டிற் கொடும் பஞ்சம் நேர்ந்தது. அக்காலத்திற் கருவிலிருந்தோரையும் அவர்தம் உடன்பிறந்தோரையும் ஆராய்ந்தோர் 2009-இல் எழுதியதில், பெருவிரலின் வரிக்கணக்கிற்கும் சிறுவிரலின் வரிக்கணக்கிற்கும் உள்ள வேற்றுமை மிகுந்தோர்க்கு நீரிழிவு மிகுதி என்று கண்டதாகக் கூறினர். நீரிழிவு இருதய நோயின் உற்ற தோழன் அல்லவா?

ஆகவே, "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று யாம் கூறியது பிழை. சாட்சி பேசுகின்றது, ஆயின் மெல்லிய குரலில், சில வேளை முன்பின் முரண்பட்டுப் பேசுகின்றது. ஒரு நாட்டார் சக்கரம் மிகுதி என்பர். மற்றொரு நாட்டார் சங்கு மிகுதி என்பர். வில் மிகுதி என்போரும் உளர்.

இம்முரணுக்குக் காரணங்கள் உண்டு. அவற்றைக் கணக்காசிரியர்கள் நம்மினும் நன்கு கூறுவர். யாம் இரண்டைமட்டும் தொட்டுச் செல்வோம். பத்து விரல், மூன்று வகை, இரண்டு உள்ளங்கை, முச்சந்தியின் இடம், வரிக்கணக்கு, ஆண், பெண் என்று ஒப்பிடத் தொடங்கினால், ஒப்பீடுகள் எளிதில் நாற்பதைக் கடந்துவிடும். இருபதில் ஒன்று தற்செயலாகவே 'உறவு'போலத் தோன்றும் என்பது வழக்கமான அளவுகோல். ஆதலின் உறவே இல்லாத இடத்தும் நாற்பது ஒப்பீட்டில் இரண்டு உறவு கிடைக்கும். அவ்விரண்டும் அச்சேறும், முப்பத்தெட்டும் மேசையறையில் உறங்கும். மற்றொன்று, முன்னர்க் குறித்த இன வேறுபாடு. மருத்துவமனைக்கு வந்த நோயாளர் ஒரு சமூகத்தினராகவும், ஒப்பிடுதற்கு எடுத்த நலமுடையோர் மற்றொரு சமூகத்தினராகவும் இருப்பின், விரலில் தோன்றும் வேற்றுமை நோயின் வேற்றுமையன்று, வழிவழி வந்த வேற்றுமை.

இவையெல்லாம் நீங்கி, உறவு மெய்யே என்று வைத்துக்கொள்வோம். அப்பொழுதும் தனியொருவர்க்கு அது யாது கூறும்? கரும்பலகைக் கணக்கு ஒன்று போடுவோம். எண்கள் யாம் எடுத்துக்கொண்டவையே. ஆயிரம் பேர், அவருள் 50 பேர் நோயுடையோர். நோயுடையோரில் நூற்றுக்கு 60 பேர்க்குச் சக்கரம் மிகுதி. நோயில்லாரில் நூற்றுக்கு 50 பேர்க்குச் சக்கரம் மிகுதி. இவ்வேற்றுமை சிறிதன்று, இதழ்கள் விரும்பி வெளியிடும். இப்பொழுது சக்கரம் மிகுந்தோரை ஒரு பக்கம் நிறுத்துவோம். நோயாளர் 30, நலமுடையோர் 475. ஆக 505 பேர். அவருள் நோயாளர் நூற்றுக்கு ஏறத்தாழ 6. சக்கரம் குறைந்த 495 பேரில் நோயாளர் 20; நூற்றுக்கு 4. சக்கரத்தைக் கண்டு அஞ்சி வந்த 505 பேரில் 475 பேர் வீணே அஞ்சினர். அதனினும் கொடியது, சக்கரம் இல்லையென்று களித்துச் சென்றோரில் 20 பேர் நோயுடன் சென்றனர். அச்சம் ஒருவனை மருத்துவரிடம் அனுப்பும். பொய்யான ஆறுதல் அவனை வீட்டிலேயே இருத்திவிடும். இரண்டனுள் எமக்கு அச்சம் தருவது பின்னதே.

மருத்துவர் நாடி பார்த்தபின் கையைத் திருப்பித் திருப்பி நோக்குகின்றாரே, அவர் எதனை நோக்குகின்றார் என்று சில மாணாக்கர் வினவினர். அவர் வரிகளை நோக்குவதில்லை. விரல்நுனி பருத்து, முரசடிக்கும் கோலின் தலைபோல உருண்டு, நகம் குவிந்திருக்கின்றதா என்று பார்க்கின்றார். இரத்தம் கலங்கியோடும் பிறவி இருதய நோயிலும், நுரையீரல் நோய்கள் சிலவற்றிலும் இது நேரும். ஹிப்போக்கிரட்டீஸ் காலத்திலேயே அறியப்பட்ட குறி இது. நகம் நீலம்பாய்ந்திருக்கின்றதா, நகத்தின் கீழே மரச்சிராய் ஏறினாற்போன்ற குருதிக்கோடு இருக்கின்றதா என்று பார்க்கின்றார். பின்னது இருதயத்தின் கதவுகளிற் கிருமி பற்றியதன் அறிகுறியாகலாம். முழிகளின் மேலும் குதிகால் நரம்பின் மேலும் கட்டிகட்டியாகக் கொழுப்புப் படிந்திருக்குமாயின், இளமையிலேயே மாரடைப்புத் தரும் பரம்பரைக் கொழுப்பு நோயை ஐயுறுகின்றார். விரல்கள் சிலந்தியின் கால்போல மிக நீண்டு மெலிந்திருப்பின், இருதயத்தினின்றும் புறப்படும் பெருநாளத்தின் வலிமையைச் சோதிக்க வேண்டுகின்றார். இவையெல்லாம் கையில் எழுதப்பட்ட இருதயச் செய்திகளே. விரல்வரியைப் போலன்றி இவற்றின் குரல் உரத்தது.

மாரடைப்பின் வருகையை மெய்யாகவே முன்னறிவிப்பன யாவை என்பதை 52 நாடுகளில் ஏறத்தாழ 30,000 பேரிடம் நடத்தி 2004-இல் வெளியிட்ட ஆராய்ச்சி தொகுத்துக் கூறியது. இரத்தக் கொழுப்பு, புகைபிடித்தல், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், வயிற்றுப் பருமன், மனநெருக்கடி, காய்கனி குறைந்த உணவு, உடலுழைப்பின்மை, மதுவைப்பற்றிய பழக்கம் என்னும் ஒன்பதனுள் ஆண்களின் மாரடைப்பில் நூற்றுக்கு 90 பங்கும், பெண்களின் மாரடைப்பில் 94 பங்கும் அடங்கின. தென்னாசிய நாட்டினர்க்கு முதல் மாரடைப்பு வரும் வயது ஏனையோரினும் ஏறத்தாழ ஆறு ஆண்டு முந்தி, 53-ஐ ஒட்டி அமைந்தது என்பதும் அதே ஆராய்ச்சியினின்றும் பெறப்பட்டது. தந்தைக்கு 55 வயதிற்கு முன்னோ தாய்க்கு 65 வயதிற்கு முன்னோ இந்நோய் வந்திருக்குமாயின், மக்கள் இளமையிலேயே சோதித்துக்கொள்ளல் வேண்டும் என்பது மருத்துவர் யாவரும் ஒப்பும் விதி.

அவ்விதியின்படியே எம் மாணாக்கரை மறுபடி அழைத்து, இங்கு எழுதியவற்றை அவர் முன்னிலையிற் கூறினோம். கரும்பலகைக் கணக்கை அவரே மீண்டும் போட்டுப் பார்த்தார். பின்னர்த் தம் தமையனாரையும் உடன் அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் சென்றார். இருவர்க்கும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கொழுப்பும் சோதிக்கப்பட்டன. தம்பியாருக்கு எல்லாம் நலம். கொழுப்பு மிகுந்திருந்தது தமையனாருக்கு. அவர் இப்பொழுது மருந்து உண்டு வருகின்றார். தமையனாருடைய விரல்களிற் சக்கரம் இரண்டே என்று, விரற்பதிவுத்தாளை எம்மிடம் ஒப்புவிக்க வந்தபொழுது அம்மாணாக்கர் கூறினார்.